வளைவில் ஒரு வேப்பமரம்

கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுக்காகத் தங்கள் ஊர்ப் பாதையைக் கல்லும் கம்பமும் பிசகாமல் செய்துகொண்டிருந்த தபால் எழுத்தர் கதிரேசனிடம், ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் சவரிமுத்து கேட்டது ஒரே ஒரு வேப்பமரம். பதினாறு வருடங்களுக்கு முன் அந்த வளைவில், தண்டவாளத்தில் ஏறிய ஆட்டை விரட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை அவருடைய பாசஞ்சர் அடித்துப்போட்டது. மரம் மறைத்துவிட்டது என்று விசாரணையில் சொன்னார். அவள் புருஷனிடம் சொன்னார். பிறகு தினமும் தனக்கே சொல்லிக்கொண்டார்.

"நேர்லயே போய்ப் பாத்துட்டேன் அண்ணாச்சி. அங்க மரமே கெடையாது. பழைய போட்டோவுலயும் இல்ல. வெறும் பொட்டல்" என்றார் கதிரேசன்.

"இருந்துச்சு தம்பி. எனக்காக ஒண்ணு வச்சிருங்களேன்."

"இல்லாதத வச்சா ஒருத்தனும் மதிக்கமாட்டான். நீங்க ஓட்டித்தான் பாருங்களேன்."

ஓட்டினார். வளைவில் திரும்பியதுமே தண்டவாளம் கடைசிவரை பளிச்சென்று தெரிந்தது. பிரேக்கைப் பிடித்தார். அந்த இடத்துக்கு எட்டுக் கம்பம் முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது.

"அசல் வண்டி மாதிரியே நிக்குதுல்லா?" என்றார் கதிரேசன், பெருமையாக.

சவரிமுத்து மறுபடியும் முதல் ஸ்டேஷனிலிருந்து கிளம்பினார். வளைவிலிருந்து எத்தனை கம்பம் தாண்டிப் பிரேக் பிடித்தால் அந்த இடத்துக்கு முன்னால் வண்டி நிற்காமல் போகும் என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.