சொரிமுத்துவின் கை

ரிட்டையரான டி.எஸ்.பி. வேலாயுதத்தைக் கல்லில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் முழங்காலை ஊன்றினான் சொரிமுத்து. கையைப் பின்னால் முறுக்கியதும் தோள்மூட்டு மளுக்கென்றது.

“உசுரு போகுதுலே,” என்று அலறினார்.

“கைதிய அடிச்சேன்னு என் காக்கிச்சட்டையக் கழத்துனீயளே சார், அன்னைக்கு எனக்கும் இப்படித்தான் போச்சு. நாப்பத்தஞ்சு வயசுல நடுத்தெருவுல நின்னேன்.”

இரண்டு கையையும் கோத்து நடுமுதுகில் ஓங்கிக் குத்தினான். அவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார்.

சற்றுக் கழித்துத்தான் தலையைத் தூக்கினார்.

“உன்னைய வெளிய அனுப்புனது சரிதாம்லே. உன் கைக்கு ஏத்த வேலை இதுதான். இடுப்புலயும் ரெண்டு போடு.”

சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிக்கொண்டான். குற்றால அருவியில் குளிக்கப் போகுமுன் அவன் கையால் அடி வாங்க, இடுப்பில் துண்டோடு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.