பிரேக் ஒன்றுதான் பாக்கி

ஞாயிறு காலை ஏழு மணி. ஞானதிரவியத்தின் பழைய ஜீப், முன்சக்கரம் ஒன்று இல்லாமல், வீட்டு வாசலில் ஜாக்கியின் மேல் நிற்கும் எண்பத்து நான்காவது ஞாயிறு அது. பிரேக்கில் எண்ணெய் கசிகிறது என்றுதான் சக்கரத்தைக் கழற்றியிருந்தார்.

"அண்ணே, இன்னைக்காவது இறங்குவீங்களா? என் இடுப்பே போச்சு" என்றது ஜாக்கி.

"இறங்கித்தான் ஆகணும். டிசம்பர் முப்பதுக்குள்ள ரோட்டுல ஓடத் தகுதின்னு எஃப்.சி. வாங்கலேன்னா என்னை எடைக்குப் போட்டுருவேன்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க. இன்னைக்குக் கண்டிப்பா பிரேக்கைப் பார்ப்பார்" என்றது ஜீப்.

ஞானதிரவியம் வந்தார். கையில் புது ஹாரன்.

ஜீப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன வாரம் சீட் கவர். அதுக்கு முந்தி மஞ்சள் லைட்டு. நிக்கவே முடியாத வண்டிக்கு ஹாரன் எதுக்கு?"

"பிரேக் உள்ளே இருக்குண்ணே. தெருவில போறவங்க கண்ணுக்குத் தெரியாதே."

"நான் போய்ச் சுவத்துல மோதினா தெரியும்டா!"

ஹாரனை மாட்டி, ஞானதிரவியம் இரண்டு முறை அடித்துப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வண்டி ரெடி போல இருக்கே சார்!"

"தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது சார். பிரேக் ஒண்ணுதான் பாக்கி."

"பிரமாதம் சார்!"

ஞானதிரவியம் கைகளைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

ஜனவரி 19ஆம் தேதி காலை ஞானதிரவியம் ஜீப்புக்கு ஒருமுறை பாலிஷ் போட்டார். பத்து மணிக்குப் பழைய இரும்புக் கடை லாரி வந்து அதை ஏற்றிக்கொண்டு போனது.