கேஸ் போடுங்க சார்!

இட ஒதுக்கீடு கேட்டு ஊரே மறியலில் இறங்கிய எண்பத்தேழாம் வருஷம். சங்கராபுரம் ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரங்களுக்கு நடுவே ஒரு பழைய அம்பாசிடர் குறுக்கே நின்றது. போலீசைக் கண்டதும் கூட்டம் ஓடிவிட்டது. ஜவுளிக்கடை முகம்மது கவுஸ் மட்டும் அசையவில்லை.

"யார் காருய்யா இது?"

"என்னுதுங்க."

இன்ஸ்பெக்டருக்கே இரக்கம் வந்துவிட்டது. "கூட்டத்துல எவனோ இழுத்தாந்து வுட்டான்னு சொல்லிட்டுப் போ பாய்."

"நான்தாங்க நிறுத்தினேன். என் காருன்னு தெளிவா எழுதிக்கினு கேஸ் போடுங்க."

லாக்கப்பில் பார்க்க வந்த வக்கீல் ரவூப் தலையில் அடித்துக்கொண்டார். "என் காரு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாய், வெளிய கொண்டாந்துடறேன்."

"அப்படிப் பேசினா வேற வக்கீல் பாத்துக்குவேன்."

பதினைந்து நாள் உள்ளே இருந்தார். கடைசியில் கோர்ட்டு அபராதம் போட்டு, காரை உரிமையாளர் கவுசிடம் ஒப்படைக்கச் சொன்னது. தீர்ப்பு நகலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார் கவுஸ்.

"கம்பி எண்ணினதுக்கு இவ்ளோ சந்தோஷமா?" என்றார் ரவூப்.

"அத்தா வச்சிட்டுப் போன காரு, வக்கீலய்யா. பேப்பரையெல்லாம் கரையான் தின்னுடுச்சி. 'உன்னுதுன்னு இன்னா ஆதாரம்?'னு ஒன்பது வருஷமா ஆபீசு ஆபீசா தொரத்தினாங்க. இப்ப கவர்மெண்டே ரெண்டு போலீசை சாட்சி வச்சி நிரூபிச்சிக் குடுத்திருக்குது!"