செத்த கிரகம்

முன்னோட்ட அறையில் விளக்கை அணைத்ததும் என் மனைவி எழுந்து ஒரு நாற்காலி தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. தலைக்கு இரண்டு தடவை குளித்துவிட்டு வந்தும் என்மேல் அழுகின ஈரல் வீசியது. எனக்கே என்னைச் சகிக்கவில்லை.

எல்லாம் அவள் தம்பி செய்த வேலை. அவன்தான் இயக்குநர். எடுப்பது பொம்மைப் படம், பொம்மையை நகர்த்துகிறவன் நான். ஒரு விண்வெளிக்காரி தன்னந்தனியாக ஒரு செத்த கிரகத்தில் இறங்கி, கையோடு கொண்டுவந்த ஒரே விதையை ஊன்ற இடம் தேடி நடக்கிறாள். தரையை ரப்பரில் செய்துவிடலாம் என்றேன். ரப்பர் ரப்பர் மாதிரிதான் இருக்கும், வேற்றுக்கிரகம் மாதிரி இருக்காது, பச்சை இறைச்சியைப் பரப்புங்கள் என்றான். ஈரல், குடல், கொழுப்போடு தோல். மேசை முழுக்க.

நாறுமே என்றேன்.

"நாத்தம் கேமராவுல வராது அத்தான்."

இப்படி வாய் கிழியப் பேசியவன் அதற்குப் பிறகு அந்த அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு பிரேம் எடுக்க வேண்டும். மறுபடி நகர்த்தி மறுபடி ஒரு பிரேம். காட்சி முடியும்வரை விளக்கை அணைக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது, தரையில் ஒரு துண்டைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் திரையில் தரை துள்ளும். சுடுகிற விளக்குக்கு அடியில் அந்தச் சனியன் நாள் கணக்கில் கிடந்து பூசணம் பூத்தது. அப்புறம் புழு வைத்தது. மேலே வந்ததையெல்லாம் இடுக்கியால் பொறுக்கிப் போட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. நகத்துக்குள்ளே... சீ, அதைச் சொல்ல வேண்டாம்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் அம்மா. இந்தக் காட்சி பிடிக்காவிட்டால் மொத்தப் படத்தையும் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர்காரர்களிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அப்புறம் பொம்மை எதற்கு, அதை நகர்த்துகிறவன் எதற்கு, அதற்கு உடுப்புத் தைக்கிற என் மனைவிதான் எதற்கு? ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

காட்சி ஓடியது.

விண்வெளிக்காரி நடந்தாள். என் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தது. காலைத் தூக்கத் தயங்கினாள், ஊன்றினாள், நின்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லாத இடத்தில் நடக்கிறவளின் நடை அது. அந்தத் தயக்கத்துக்காகத்தான் இத்தனை நாளும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

தயாரிப்பாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் நானும் தரையைப் பார்த்தேன்.

தரை அசைந்தது.

தோலுக்கு அடியில் என் இடுக்கிக்கு எட்டாத புழுக்கள். ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவே கிடைத்த நிமிடங்களில் அவை பாட்டுக்கு நெளிந்திருக்கின்றன. மேசைமேல் என் கண்ணுக்குப் படாத நெளிவு, அத்தனை நாளையும் சில நொடியாகச் சுருக்கி ஓட்டியதும் அலையாகக் கிளம்பிவிட்டது. தரை உப்பியது, தாழ்ந்தது, மூச்சு விட்டது. அவள் கால் பட்ட இடத்தை நோக்கி ஊர்ந்தது. கிரகம் அவளைத் தின்னக் காத்திருந்தது. அவளோ ஒன்றும் தெரியாமல் விதையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

அவள் நடையை அந்த அறையில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

போச்சு, எல்லாம் போச்சு.

விளக்கைப் போட்டார்கள். தயாரிப்பாளர் அம்மா கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு வயித்தைப் புரட்டிக்கிட்டு வருது. இந்தத் தரையை யாரு அசைச்சது?"

"எல்லாம் யோசிச்சு வெச்சதுதான் மேடம்," என்றான் மச்சினன், வாய் கூசாமல். "அத்தான் ஒவ்வொரு பிரேமா கையால நகர்த்தினது."

அசைந்தது என்னவென்றே அவனுக்குத் தெரியாது.

அம்மா என் பக்கம் திரும்பினார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். என் சட்டையைத் துவைக்கப்போய் மடிப்பிலிருந்து ஒரு புழுவை எடுத்துப் போட்டவள் அவள்தான். கண்ணாலேயே என்னை அதட்டினாள்.

தலையாட்டிவைத்தேன்.

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விதை வேண்டாமாம், அது முளைப்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றார். இது விண்வெளிக் கதையே இல்லையாம், பேய்ப்படமாம், கிரகம்தான் பேயாம். கம்ப்யூட்டரில் இந்த அருவருப்பு வராது, படம் முழுக்கத் தரை இப்படித்தான் அசைய வேண்டும், நாளைக்கே ஆரம்பித்துவிடுங்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையை உடனே துடைத்துக்கொண்டார்.

மச்சினன் பல்லை இளித்தான். அவனை ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது. என்னையும்தான்.

மனைவி எனக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டாள். வேலை தப்பியதே என்று நிம்மதிப்படக்கூட முடியவில்லை. புழுவுக்குக் கிடைத்த பாராட்டை வாங்கிக்கொண்டு நிற்கிற பிழைப்பு. நாளைக்கு அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டேன், பட்டினி கிடந்தாலும் சரி, இப்போதே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாக இறங்கினேன்.

அவள் கீழ்ப்படியில் நின்று யாரோ ஒரு இறைச்சிக் கடைக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பேச்சை நிறுத்தவில்லை.

"இன்னிக்கு வெட்டினது வேணாங்க. நாலஞ்சு நாளா கிடக்குறது ஏதாச்சும் இருக்கா? இல்லைங்க, நாய்க்கு இல்ல. எங்களுக்குத்தான்."