ஒரு கை உப்பு

விரலைத் தீவன வாளிக்குள் விட்டு நாக்கில் வைத்தாள்.

கரித்தது.

இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். புளிப்பு இருந்தது. கம்பும் உடைத்த சோளமும் தவிடும் மூன்று நாள் தண்ணீரில் ஊறிப் பொங்கிய நல்ல புளிப்பு. அதற்கு மேலே உப்பு.



காலையில் தீவனம் கெட்டியாக இருந்தது. கோழிக்குஞ்சுகளுக்குக் கொஞ்சம் தளர இருந்தால்தான் கொத்த வரும். குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவள் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. புளித்ததோடு புளித்தது சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று, அடுக்களையில் மீந்திருந்த நீராகாரத்தைச் சட்டியோடு கொண்டுவந்து ஊற்றினாள்.

லாரிப் பட்டறையில் நாளெல்லாம் வெல்டிங் நெருப்புக்கு முன்னால் வேர்த்து வடிகிற புருஷனுக்காக, விடிந்ததும் அதில் ஒரு கை கல்லுப்பு போட்டிருந்தாள். எட்டு மாதமாகத் தினமும் போடுகிற உப்பு. கை போட்டுவிடும். மனசுக்குத் தெரியாது.

பதினொரு குஞ்சுகள். பொரித்துப் பன்னிரண்டு நாள்.

பத்து மணியிலிருந்து அவை தண்ணீர்த் தட்டை விட்டு நகரவே இல்லை. குடித்துக் குடித்துக் கழுத்தடியில் தீனிப்பை தொங்கியது. ஒன்று நடக்கப் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்தது. அதைப் பார்த்துத்தான் வாளிக்குள் விரலை விட்டாள்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். எடுத்தவர், கோழிக்குஞ்சுக்கு யாராவது உப்பு வைப்பார்களா என்று முதலில் சத்தம் போட்டார். பிறகு, தட்டை எடுத்துவிட்டு வெறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டு விடச் சொன்னார். ஒரேயடியாகக் குடிக்க விட்டால் அதுவே கொன்றுவிடுமாம். பிழைத்தால் அதனதன் அதிர்ஷ்டம் என்று போனை வைத்துவிட்டார்.

மருந்து டப்பாவைக் கவிழ்த்து ஒரு சொட்டுக்குழாயைக் கண்டுபிடித்தாள்.

ஒன்றை மடியில் வைத்து, அலகைப் பிளந்து, ஒரு சொட்டு. அடுத்தது. ஒரு சொட்டு. பதினொன்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சோறு ஆக்கவும் எழுந்திருக்கவில்லை.

ஒரு மணிக்கு ஒன்று போயிற்று.

இரண்டரைக்கு இன்னொன்று.

குஞ்சுகள் நிவேதாவுடையவை. புருஷனுடைய முதல் தாரத்து மகள், ஒன்பதாம் வகுப்பு. எட்டு மாதத்தில் அந்தப் பெண் அவளைச் சித்தி என்றோ வேறு எப்படியோ கூப்பிட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு ‘ஏனுங்க’. தீவனத்தை ஊறப்போடுவது, கிளறுவது, நுரை கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் நிவேதாதான். வாளியை யாரையும் தொட விடமாட்டாள்.

இன்றைக்குக் கணக்குப் பரீட்சை. அதற்கு முன்னால் ஸ்பெஷல் கிளாஸ்.

“நாளைக்கு மட்டும் நீங்க வெச்சர்றீங்களா?” என்று நேற்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கே நேற்றெல்லாம் இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேண்டுமென்றே செய்தாள் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டால்?

குஞ்சுகள் சாவதைவிட அதுதான் அவளை உலுக்கியது. வளர்ந்த பொம்பளைக்குத் தான் உப்புப் போட்டது நினைவில்லையாமே என்று ஊர் கேட்கும். இரண்டாம் தாரத்தைப் பற்றி இப்படி ஒன்று கிடைக்காதா என்று காத்திருக்கிற வாய்களுக்கு அந்தத் தெருவில் பஞ்சமில்லை.

மதில் மேலாக எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு சரசக்கா ஒரு வழி சொன்னாள். செத்ததைப் புதைத்துவிட்டுக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிட வேண்டியது. வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

நல்ல யோசனைதான். இரண்டையும் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். வாளியைக் கழுவினாள். காக்கா எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது வரைக்கும் யோசித்து வைத்தாள்.

நாலே முக்காலுக்கு கேட் திறந்தது.

நிவேதா பையைக்கூட இறக்கவில்லை. நேராகக் கொல்லைக்கு வந்தாள். குஞ்சுக் கூடையைப் பார்த்தாள். எண்ணும்போது உதடு அசைந்தது. ஒன்பதில் நின்றது.

காக்கா அவள் தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை.

“உப்புப் போட்ட நீராகாரத்தத் தீவனத்துல ஊத்திப்போட்டேன் கண்ணு. ரெண்டு போயிருச்சு.”

நிவேதா கவிழ்த்து வைத்திருந்த வாளியைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.



“எங்கம்மாவும் ஒருக்கா ஊத்திப்போட்டாங்க. அப்பாவுக்கு வெச்சிருந்தத.”

எட்டு மாதத்தில் அம்மா என்ற பேச்சை அந்தப் பெண் அவளிடம் எடுத்ததே இல்லை.

அப்போது எத்தனை பிழைத்தது என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டாள்.

நிவேதா யூனிபார்மோடு மண்ணில் சம்மணம் போட்டாள். கூடைக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே துவண்டு கிடந்ததை எடுத்தாள்.

“ஒண்ணுகூட இல்ல.”

அதன் அலகைப் பிளந்து, அவள் கையிலிருந்த சொட்டுக்குழாய்ப் பக்கம் பிடித்தாள்.