பின்னால் போகும் குதிரை

குதிரை இன்னும் ஒரு அடி பின்னால் வைத்தது. அதன் குளம்பு பட்டு ஒரு கல் உதிர்ந்து பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் மேலே வர வெகுநேரம் ஆனது.

"இழுத்துப் புடி அம்முணி, உட்றாத" என்று கத்தினார் நஞ்சப்பன்.

குதிரையின் மேல் இருந்தது அவருடைய ஒரே மகள் வர்ஷா. அப்பா சொன்னபடியே கடிவாள வாரை நெஞ்சுவரைக்கும் இழுத்துப் பிடித்தாள். குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் பின்னால் நகர்ந்தது.

எல்லாம் ஒரு காட்டெருமையால் வந்த வினை. தேயிலைச் செடிகளுக்குள் படுத்திருந்தது திடீரென்று எழுந்து, பாதையைக் கடந்து, தன் பாட்டுக்கு மேட்டில் ஏறிப் போய்விட்டது. இந்தக் குதிரைதான் மிரண்டு, பாதைக்குக் குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. முன்னால் மேடு, பின்னால் பள்ளம். நடுவில் இருந்தது ஒரு ஜீப் கூடப் போக முடியாத பாதை.

மூன்று நாளாகக் கோத்தகிரிக்குக் கீழே அரவேணுக்குப் பக்கத்தில் இந்தக் குதிரைப் பண்ணையில்தான் தங்கல். காலையில் சவாரி, மாலையில் சவாரி, ராத்திரி பண்ணை வீட்டில் சூடான சாப்பாடு. வர்ஷாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே குதிரை என்றால் உயிர். அதைச் சொல்லித்தான் கோயமுத்தூரிலிருந்து அழைத்து வந்திருந்தார்.

நஞ்சப்பன் மட்டும் ஏறவில்லை. தன் மோட்டார் பம்பு கடைக்குள் எலி ஓடினாலே காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்கிற ஆள் அவர். ஆனால் மகள் போன பாதையெல்லாம் மூச்சு வாங்கப் பின்னாலேயே நடந்தார். ஒரு நிமிடம்கூட அவளைக் கண்ணை விட்டு அகல விடவில்லை. பெண்மேல் எத்தனை பாசம் என்று பண்ணையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இன்னொரு கல் உதிர்ந்தது.

நஞ்சப்பன் ஓடிப் போய்ப் பிடித்துவிடலாம் என்று காலெடுத்து வைத்தார். ஆள் வருவதைக் கண்டதும் குதிரை மூக்கை விடைத்துக்கொண்டு இன்னும் பின்வாங்கியது. அப்படியே நின்றுவிட்டார். இழுத்துப் பிடி, இழுத்துப் பிடி என்று தொண்டை கிழியக் கத்துவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

சவாரிக்குத் துணையாக வந்திருந்த, தபித்தாள் என்ற பண்ணைப் பெண் அவர் கையை அழுத்திப் பிடித்தாள்.

"ஏனுங்க, கத்தாதீங்க. நீங்க கத்தக் கத்த பாப்பா இழுக்குது. இழுத்தா குதிரை பின்னாலதானுங்க போகும்."

இருபத்துநான்கு வருடமாக அந்தப் பெண்ணைக் கத்தியே வளர்த்தவர். மாடிப்படியில் கத்தல், ஸ்கூட்டியை எடுத்தால் கத்தல், காலேஜ் பஸ் கால்மணி தாமதமானால் கத்தல். பெண் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது கத்தாமல் இருப்பது எப்படி? கழுத்திலிருந்த மஃப்ளரை உருவிச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார்.

அப்பாவின் குரல் நின்றதும் வர்ஷா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. தபித்தாள் தன் விரல்களை மெல்ல விரித்துக் காட்டினாள். விட்டுவிடு என்கிறாள்.

விடாதே என்று நஞ்சப்பனின் உடம்பு முழுவதும் துடித்தது. பல்லைக் கடித்தார். கம்பளி நூல் பல்லில் சிக்கியது.

வர்ஷாவின் கைகள் தாழ்ந்தன. வார் தளர்ந்தது.

குதிரை தலையை இறக்கி, ஒரு பெருமூச்சு விட்டு, முன்னால் காலெடுத்து வைத்தது. பிறகு பாதையில் நேராகத் திரும்பி, ஒன்றுமே நடக்காததுபோல இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தது.

நஞ்சப்பன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது.

கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் பண்ணை. வலது பக்கம் பஸ் போகிற ரோடு.

வர்ஷா குதிரையை வலது பக்கம் திருப்பினாள்.

அவர் மஃப்ளரை வாயிலிருந்து பிடுங்கினார். கூப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் பாதையோரம் இன்னும் பள்ளம் இருந்தது. கூப்பிட்டால் பயந்து இழுப்பாள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ரோட்டோரத்தில் அவள் இறங்கினாள். குதிரையை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, அதன் கழுத்தைத் தடவினாள். பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். இனிமேல் கத்தலாம். கத்தினால் கேட்கிற தூரம்தான். அவளும் அதை எதிர்பார்த்தவள்போல அண்ணாந்து பார்த்தாள்.

நஞ்சப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்துத் தபித்தாளிடம் நீட்டினார். வர்ஷாவின் போன். தான் கட்டிக்கொள்ளப் போகிற பையன் யாரென்று அவள் வீட்டில் சொன்ன அன்றைக்கு, அவளிடமிருந்து பிடுங்கி அணைத்து வைத்தது.



"குறுக்கால ஓடிப் போய் இதக் குடுத்துருங்க. நான் போனா அவ ஓடிருவா" என்றார். "மேட்டுப்பாளையம் பஸ்ல மட்டும் ஏற வேண்டாம்னு சொல்லுங்க. கோத்தகிரிப் பக்கமாப் போகட்டும். அங்க கீழ எங்கண்ணன் பசங்க நிக்கறானுக. கையில கெடச்சா உசுரோட உடமாட்டானுக."

தபித்தாள் போனை வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அவனுகள நாந்தானுங்க நிக்க வெச்சிருக்கேன்" என்றார்.