வாலில்லாத மீன்

பட்டறை திறந்து எட்டு நாள்தான் ஆகிறது. கத்தியில் அடிக்கும் மீன் முத்திரை அச்சை நானே செதுக்கினேன். எவனையும் நம்ப முடியாது என்று சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். இன்று காலை அது தரையில் விழுந்து, மீனின் வால் உடைந்துபோனது. அதற்குப் பிறகு ஒரு கத்தியிலும் அடிக்கவில்லை.

மதியம் ஒரு பெண்மணி சாணை பிடிக்க ஒரு கத்தி கொண்டுவந்தார். இருபது வருடமாவது தீட்டியிருப்பார்கள். அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. அதில் என் மீன், வாலில்லாமல்.

கூட்டாளியான மச்சினனை முறைத்தேன்.

“என்னை எதுக்கு முறைக்கிறீங்க மாமா? அச்சு உங்க பையிலதானே இருக்கு?”

இருந்தது.

“இது எங்க வாங்கினீங்க?” என்று பெண்மணியைக் கேட்டேன்.

“நல்லா கேட்டீங்க போங்க! இந்தப் பட்டறையைக் காலி பண்றப்ப உங்க சொந்தக் கத்தியை நீங்கதானே குடுத்தீங்க? ‘இனிமே எனக்கு எதுக்கு’ன்னு சொன்னீங்களே!”

சிரித்து மழுப்பிவிட்டுக் கத்தியைப் பிடித்துப் பார்த்தேன். மரப்பிடியில் தேய்ந்திருந்த குழிகள் என் விரல்களுக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தின. ஆள்காட்டி விரல் படும் இடத்தில் மட்டும் மரம் தேயவே இல்லை, அங்கே ஒரு விரலே இருந்ததில்லை என்பதுபோல.